‘இல்லீங்கய்யா’ என்ற ஒரு சொல்

சிவில் கோர்ட் டவாலி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. அரைவக்கீல் என்றால் கோர்ட்டுக்கு எதிரே சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். வேலை என்னவோ சின்ன வேலைதான். நீதிபதி வரும்போது முன்னால் நடந்து வழி விலக்க வேண்டும், வழக்குக் கட்டுகளைத் தூக்கி மேசைமேல் வைக்க வேண்டும், எண் சொன்னதும் வாசற்படியில் நின்று வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும். ஆனால் அந்தக் குரல்! மாடியில் நகல் எழுதுகிறவர்கள் பேனாவை நிறுத்துவார்கள். கீழே தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவுகிறவர் பாதியில் நிமிர்ந்து பார்ப்பார். “இவர் கூப்பிட்டா செத்தவன்கூட எழுந்து வந்து ஆஜராயிடுவான்” என்று பெஞ்ச் கிளார்க் சொல்வார்.

குரலுக்காக மட்டும் அந்தப் பட்டம் வந்துவிடவில்லை. வராண்டாவில் காத்துக் கிடக்கிறவர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதில் அவருக்குத் தனி ருசி. கோர்ட்டுக்கு முதல் தரம் வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி நிற்பார்கள். இவர் பக்கத்தில் போவார்.

“கேஸ் போட்டது யாரு, நீங்களா அவங்களா? அவங்களா? அப்போ அவங்க வாதி, நீங்க பிரதிவாதி. பிரதிவாதின்னா தப்புப் பண்ணவர்னு அர்த்தம் இல்ல. பதில் சொல்லவேண்டியவர், அவ்வளவுதான்.”

வாய்தா என்றால் என்ன என்று கேட்டால், “இன்னிக்கு முடியாது, இன்னொரு நாள் வாங்கன்னு மரியாதையாச் சொல்றது” என்பார். தடையாணை என்றால், “ரெண்டு பேரும் இருக்கிற இடத்துல அப்படியே நில்லுங்கன்னு சொல்றது.” மேல்முறையீடு என்றால், “இந்த ஐயா சொன்னது பிடிக்கலைன்னா பெரிய ஐயாகிட்டப் போறது.” கேட்டவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரியாகவே இருக்கும். மீதி, வாசலில் நின்று காதில் விழுந்ததை வைத்து அவராக ஒட்டுப்போட்டது. ஒருநாள் ஒரு மூத்த வக்கீல் படியேறும்போது நின்று, “ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. அரைவக்கீலுக்கு எத்தனை பேர்னு கணக்கு இருக்கா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அந்த வராண்டாவுக்குத்தான் ரொட்டிக்காரம்மா வந்தாள்.

கணவன் இறந்த பிறகு, கணவனுடைய அண்ணன் அவள்மேல் வழக்குப் போட்டிருந்தார். வீடு தன் பேரில் இருக்கிறது, தம்பியைப் பாவம் பார்த்துத்தான் குடிவைத்தேன், தம்பியே போனபின் தம்பி பெண்டாட்டிக்கு அங்கே என்ன வேலை, காலி செய்து கொடுக்க வேண்டும் என்று வழக்கு. அவள் சொன்னது வேறு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. பத்திரத்தில் ஒரு பேர் போதும் என்று அன்றைக்கு நினைத்துவிட்டார்கள். முன்னறையில் அவள் கணவன் தன் கையாலேயே செங்கல் அடுக்கி, களிமண் பூசி ஒரு ரொட்டி அடுப்பு கட்டியிருந்தான். வளைந்த கூரையும் இரும்புக் கதவுமாக அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த அடுப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. விடியும் முன்னே எழுந்து சுட்டு, சுற்றுவட்டக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாவு ஒட்டிய முழங்கையோடு கோர்ட்டுக்கு வருவாள். அவள் வந்து உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சுப் பக்கமே ரொட்டி வாசனை அடிக்கும்.

அவளுக்குக் கேள்வி அதிகம். ஒரு சொல் காதில் விழுந்தால் விடமாட்டாள்.

“அண்ணே, வக்காலத்துன்னா?”

“உங்களுக்காக நான் பேசறேன்னு வக்கீல் தலையில எடுத்துக்கிறது. அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது.”

“அப்போ அவர் விலகிட்டா?”

“நீங்களே பேசணும். இல்லைன்னா வேற ஆள் பார்க்கணும்.”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுடைய வக்கீல் நெஞ்சுவலி வந்து படுத்து, எல்லா வழக்குகளிலிருந்தும் விலகிக்கொண்டிருந்தார். புது வக்கீல் வைக்க நீதிபதி இரண்டு தரம் அவகாசம் கொடுத்தார். இரண்டாவது தரம் கொடுக்கும்போது, “இதுதான் கடைசி. அடுத்த தடவை நீங்களோ வக்கீலோ வந்து நிற்கணும்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவள் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டாள். அவருக்கோ அந்தத் தேதியில் வெளியூரில் வேறு வழக்கு. “நீங்க நேர்ல போய் நில்லுங்க. புது வக்கீல் பேசியாச்சு, ஒரு வாய்தா குடுங்கன்னு மட்டும் கேளுங்க. குடுப்பாங்க” என்று அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு அவள் கோர்ட் திறக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அரைவக்கீல் கட்டுகளைச் சுமந்துகொண்டு போகும்போது கவனித்தார்.

“என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலண்ணே. வேலை சரியா இருந்துச்சு. தலை சுத்துது. கேஸ் எப்போ வரும்?”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அன்றைக்கு முதலில் ஓர் உயில் வழக்கு. உயில் எழுதும்போது கிழவருக்குப் புத்தி தெளிவாக இருந்ததா என்று சொல்ல டாக்டர் சாட்சி வருவதாக இருந்தது. டாக்டரைக் கூண்டில் ஏற்றினால் இரண்டு தரப்பு வக்கீல்களும் லேசில் விடமாட்டார்கள்.

“டாக்டர் சாட்சி இருக்கு, இழுத்துக்கிட்டே போகும். உங்களது மத்தியானத்துக்கு மேலதான். போய் வயிறாரச் சாப்பிட்டு வாங்க.”

“அதுக்குள்ள கூப்பிட்டுட்டா?”

“கூப்பிடப்போறது யாரும்மா? நான்தானே! நான் வாயைத் திறக்காம உங்க கேஸ் எங்க போயிடும்?”

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

டாக்டர் வரவில்லை. அவசர ஆபரேஷன் என்று ஆள் சொல்லியனுப்பினார். உயில் வழக்குக்கு வாய்தா விழுந்தது. அடுத்த வழக்கில் இரு தரப்பும் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதுவும் தள்ளிப்போனது. அதற்கடுத்ததில் வக்கீலே வரவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் பெஞ்ச் கிளார்க் ரொட்டிக்காரம்மாவின் கட்டை எடுத்து விரித்துவிட்டார்.

அரைவக்கீல் வாசற்படிக்குப் போனார். வாதி பேரைக் கூப்பிட்டார். அண்ணன்காரர் தன் வக்கீலோடு தயாராக நின்றார். பிரதிவாதி பேரைக் கூப்பிட்டார். பெஞ்சு காலியாக இருந்தது. இரண்டாவது தரம் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். மூன்றாவது தரம் மாதிரி ஒரு குரலை அவர் வாழ்க்கையில் எழுப்பியதில்லை. எதிர்க்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து என்ன ஆயிற்று என்று பார்த்தார். சாப்பாட்டுக் கடைகளோ இரண்டு தெரு தள்ளி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்.

அவர் உள்ளே திரும்பினார். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பிரதிவாதி வரலையா?”

வந்திருக்காங்க ஐயா, நான்தான் சாப்பிட அனுப்பினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பெஞ்ச் கிளார்க் முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அவர், “கட்சிக்காரங்ககிட்ட உனக்கு என்னய்யா பேச்சு? ஒருநாள் ஐயா காதுல விழுந்தா நீ காலி” என்று எச்சரித்திருந்தார். நீதிபதியும் அன்றைக்கு வேறெதற்கோ கோபமாக இருந்தார்.

“இல்லீங்கய்யா” என்றார் அரைவக்கீல்.

நீதிபதி குனிந்து எழுதினார். பிரதிவாதி தரப்பில் யாரும் வராததால் வழக்கை ஒருதலைப்பட்சமாக நடத்த உத்தரவு. அதாவது, இனி வாதி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு.

அவள் திரும்பி வந்தபோது இவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஐம்பது வயசு தாண்டிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி. அவள் தேடிக் கண்டுபிடித்தாள்.

“அண்ணே, வந்துடுச்சா?”

“வந்து போச்சும்மா. டாக்டர் வரல. நான் எவ்வளவோ கூப்பிட்டேன்.”

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு வேளை சாப்பிடாட்டி செத்தா போயிருப்பேன்?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை அவரைச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதைத்து நிற்கிறவளைச் சமாதானப்படுத்தினால் தன் நெஞ்சும் சமாதானமாகும் என்று நினைத்துவிட்டார்.

“ஒண்ணும் ஆகலம்மா. ஒருதலைப்பட்சம்னா பெரிய விஷயம் இல்ல. ஒரு மனுப் போட்டா ரத்தாயிடும். தினம் பார்க்கிறேனே. உங்க வக்கீலம்மா ஊர்ல இருந்து வந்து நிதானமாப் போட்டுக்கலாம். அவசரம் இல்ல.”

மனுப் போட்டால் ரத்தாகலாம் என்பது சரி. அவசரம் இல்லை என்பது அவராக ஒட்டிய ஒட்டு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயால் கெட்டது வேறொருத்தி.

அவள் அதை நம்பிப் போனாள். வக்கீலம்மா வெளியூர் வழக்கை முடித்து வருவதற்கே நாளானது. வந்த பிறகும் இவள், ‘அவசரமில்லைன்னு கோர்ட்லயே சொன்னாங்க’ என்று ரொட்டி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அண்ணன்காரர் கூண்டேறித் தன் கதையைச் சொல்லி, பத்திரத்தைக் காட்டி, தீர்ப்பு வாங்கிவிட்டார். தீர்ப்பு வாங்கின கையோடு அதை நிறைவேற்றித் தரும்படியும் மனுப் போட்டார். இதெல்லாம் நடந்தபோது வாசலில் நின்று பேர் கூப்பிட்டது அரைவக்கீல்தான். ஒவ்வொரு தரமும் வாதி பேரை மட்டும்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

“கோர்ட்ல மூணு தரம் கத்துறீங்க. வீட்ல ஒரு தரம் வாயைத் திறந்தா என்னவாம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா தட்டுல கோலம் போட்டுட்டு இருக்கீங்க?”

ஒருநாள் பாதியைச் சொன்னார். ஒரு அம்மா சாப்பிடப் போன நேரத்தில் கேஸ் போய்விட்டது என்றார். அவளை அனுப்பியது யார் என்பதைச் சொல்லவில்லை. மனைவி, “ஐயோ பாவம். அவங்களை யாரு அந்த நேரத்துல போகச் சொன்னா?” என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவர் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அமீனா வந்து கூப்பிட்டார். அமீனா என்றால் கோர்ட் உத்தரவை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் நிறைவேற்றுகிறவர். ஒல்லியான மனிதர், தொண்டை கட்டியிருந்தது. “ஒரு வீடு காலி பண்ணணும்யா. உத்தரவைச் சத்தமாப் படிக்கணும். எனக்குக் குரல் சுத்தமா இல்ல. உன்னைக் கூட்டிட்டுப் போகப் பெஞ்ச் கிளார்க்கிட்டக் கேட்டுட்டேன்.” எந்த வீடு என்று இவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

போகும் வழியெல்லாம் வண்டி பஞ்சர் ஆகாதா என்று பார்த்தார். ஆகவில்லை. வாசலில் அண்ணன்காரர் கடப்பாரையோடு இரண்டு கூலியாட்களை நிறுத்தியிருந்தார். ரொட்டிக்காரம்மா கதவைத் திறந்தாள். அமீனாவைப் பார்த்துப் பயந்த முகம், பின்னால் நின்றவரைப் பார்த்ததும் மலர்ந்தது.

“அண்ணே, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இவங்ககிட்டச் சொல்லுங்கண்ணே. இன்னிக்குக் காலையிலதான் வக்கீலம்மா மனு தூக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. மனுப் போட்டா ரத்தாயிடும்தானே?”

அமீனா திரும்பி இவரைப் பார்த்தார். இவர் கையில் உத்தரவு இருந்தது. “அமீனாய்யா, கொஞ்சம் பொறுக்கலாமா? சாயங்காலம்வரைக்கும்?” என்றார்.

“தடையாணை கையில இருக்கா?”

“இல்ல.”

“அப்போ நான் எப்படிப் பொறுக்கிறது? படிய்யா.”

படித்தார். கோர்ட்டையே நிமிர்ந்து பார்க்க வைக்கும் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அக்கம்பக்கத்தார் காதுக்கே எட்டவில்லை. சாமான்கள் தெருவுக்கு வந்தன. மாவு மூட்டை, தட்டுகள், நீளக் கைப்பிடி வைத்த மரத் துடுப்பு, ஒரு கட்டில், கணவன் படம். அவள் அழவில்லை. ஒவ்வொரு சாமானையும் வாங்கி வாங்கிச் சுவரோரமாக அடுக்கினாள். சாவி கை மாறியது. அமீனா கையெழுத்து வாங்கினார். அந்த மையின் ஈரம்கூடக் காயவில்லை, அண்ணன்காரர் ஆட்களுக்குக் கண் காட்டினார்.

“அதை மட்டும் விட்டுடுங்க மாமா. உங்க தம்பி கட்டினது” என்றாள் அவள்.

“அடுப்பு இருந்தா நீ திரும்பி வருவே” என்றார் அவர்.

காலையில் சுட்ட சூடு அதற்குள் இன்னும் இருந்தது. முதல் கடப்பாரை விழுந்ததும் பிளவிலிருந்து வெப்பம் வெளியே வந்து வாசலில் நின்றவர்கள் முகத்தில் அடித்தது. அமீனா, “நம்ம வேலை முடிஞ்சுது, வா” என்று இழுத்தார். அரைவக்கீலோ வளைந்த கூரை உள்ளே விழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அன்று சாயங்காலம் வக்கீலம்மா தடையாணை வாங்கிவிட்டார். இருக்கிற இடத்தில் அப்படியே நில்லுங்கள் என்பது. அது வீட்டைத் தொடும்போது தடுக்க எதுவும் மிச்சம் இல்லை.

அன்றைக்குத்தான் மனைவியிடம் முழுவதையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “அவங்களுக்குத் தெரியுமா, நீங்கதான் கோர்ட்ல வாயை மூடிக்கிட்டீங்கன்னு?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியாது.”

“அப்போ அதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?”

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்துசெய்யும் மனு விசாரணைக்கு வந்தது. வராமல் போனதற்குப் போதிய காரணம் இருந்ததா, மனுப் போடத் தாமதமானது ஏன் என்ற இரண்டு கேள்விதான். ரொட்டிக்காரம்மா இப்போது ஒரு தங்கை முறையானவள் வீட்டில், சமையலறை மூலையில் ஒண்டியிருந்தாள். வராண்டாவில் வந்து உட்கார்ந்தபோது அவள்மேல் ரொட்டி வாசனை இல்லை. அரைவக்கீலைப் பார்த்து எப்போதும்போலத் தலையசைத்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் பேரை அவரே கூப்பிட்டார். அவள் கூண்டேறினாள். வக்கீலம்மா கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள்: தலை சுற்றியது, கேஸ் மதியத்துக்கு மேல்தான் வரும் என்று நினைத்துச் சாப்பிடப் போனேன், திரும்புவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகு அண்ணன்காரரின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

“மதியத்துக்கு மேலதான் வரும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

அரைவக்கீல் வாசற்படியில் நின்றிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“யாரும் சொல்லல. நானா நெனைச்சுக்கிட்டேன்.”

“நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க. மனுப் போட அவசரம் இல்லைன்னும் நீங்களாத்தான் நெனைச்சுக்கிட்டீங்களா?”

“ஆமா.”

“ஆக, கோர்ட் உங்க சௌகரியத்துக்குக் காத்திருக்கும்னு நெனைச்சீங்க. அப்படித்தானே?”

“அப்படி இல்லைங்க…”

“அப்படித்தான் ஐயா” என்று நீதிபதி பக்கம் திரும்பி வக்கீல் புன்னகை செய்தார். “அலட்சியத்துக்குச் சட்டத்தில் மன்னிப்பு இல்லை.”

அரைவக்கீல் பிறகு எத்தனை யோசித்தும், வாசற்படியிலிருந்து மேசைக்கு முன்னால் எப்படிப் போனார் என்று அவருக்கு நினைவு வரவில்லை. போய் நின்றது மட்டும் தெரியும். பெஞ்ச் கிளார்க் கையால் போ போ என்று விரட்டினார்.

“ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

“உங்களை யார் கூப்பிட்டது?” என்றார் நீதிபதி.

“யாரும் கூப்பிடலீங்கய்யா. சொன்னது நான்தான். மதியத்துக்கு மேல வரும்னு சொன்னதும் நான், அவசரம் இல்லைன்னு சொன்னதும் நான்.”

வக்கீலம்மா சட்டென்று எழுந்து, இவரை மனுதாரர் தரப்புச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். எதிர்வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அனுமதித்தார். சாட்சியை முறைப்படி கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற ஆளோ மேசைக்கு முன்னால் நிற்கிறார். பெஞ்ச் கிளார்க் வேறு வழியில்லாமல் தன் கீச்சுக் குரலில் கூப்பிட்டார். யாரோ சிரித்தார்கள்.

எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிவிட்ட மனிதருக்கு அதன் படி அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று பிரமாணம் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். வக்கீலம்மா உட்கார்ந்தார். எதிர்வக்கீல் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

“அன்னிக்கு நீதிபதி உங்ககிட்ட, பிரதிவாதி வரலையான்னு கேட்டாங்க. என்ன சொன்னீங்க?”

“இல்லீங்கய்யான்னு சொன்னேன்.”

“அது உண்மையா, பொய்யா?”

“அவங்க அந்த நேரத்துல வராண்டாவில இல்ல. அது உண்மைங்க.”

“சரி, உண்மை.”

“ஆனா நான் சொன்னது பொய்.”

“ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? கோர்ட்டைக் குழப்பாதீங்க. அன்னிக்குப் பொய் சொன்னவர் இன்னிக்கு உண்மை சொல்றார்னு எப்படி நம்புறது? அந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு?”

“உறவு இல்லைங்க.”

“உறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு அக்கறை?”

“அக்கறை இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேங்க” என்றார் அரைவக்கீல். “அன்னிக்கு எனக்கு என் வேலைமேலதான் அக்கறை இருந்துச்சு.”

எதிர்வக்கீல் வேறு கேள்வி கேட்காமல் உட்கார்ந்தார்.

நீதிபதி தீர்ப்பை ரத்துசெய்து, வழக்கைத் திரும்பவும் விசாரணைக்கு எடுத்தார். வழக்கு முடியும்வரை வீடு அவள் கையில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அதே பேனாவில், கட்சிக்காரருக்கு ஆலோசனை சொன்னதற்கும் உண்மையை மறைத்ததற்கும் டவாலியிடம் விளக்கம் கேட்கும்படி அலுவலகத்துக்கு எழுதினார்.

வெளியே வந்ததும் அவளே பக்கத்தில் வந்தாள். இவர்தான் முதலில் பேசினார்.

“கூண்டுல ஏன்மா என்னைச் சொல்லல?”

“சொன்னா உங்க வேலை போயிடும்ல? என் அடுப்பு போனது போதாதா?”

அவள் பையைப் பெஞ்சில் வைத்தாள்.

“சாப்பிடப் போங்கன்னு நீங்க சொன்னது எனக்குத் தப்பாப் படலண்ணே. நல்ல மனசுலதான் சொன்னீங்க. ஆனா நான் வந்திருந்தேன்னு ஐயாகிட்டச் சொல்லாம விட்டீங்களே, அது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.” குரல் உயரவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வேலை போகவில்லை. வாசல் போயிற்று. பழைய கட்டுகளை அடுக்கிவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் சின்னது, பேசுவதற்கு ஆள் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவருக்குக் குரல் போதாமல் இரண்டு வாரத்தில் ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள். யாராவது வழி தவறி வந்து, “ஐயா, இந்தச் சமரச மனுன்னா என்னங்க?” என்று கேட்டால், “வக்கீலைக் கேளுங்க” என்பார். கேட்டவர் திமிர் பிடித்தவர் என்று முனகிக்கொண்டு போவார்.

ஒரு விடுமுறை நாளில் ரொட்டிக்காரம்மா வீட்டு வாசலில் செங்கல் இறக்கினார். அடுப்புக் கட்டக் கொத்தனாரையும் பேசிவைத்திருந்தார். அவள் வெளியே வந்து பார்த்தாள்.

“வேணாம்ண்ணே.”

“என் மனசு கேட்கலம்மா.”

“உங்க மனசுக்காகத்தானே கட்டுறீங்க? அதான் வேணாம்ங்கிறேன்.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, “வெயில்ல நிக்கிறீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். குடித்தார். செங்கல் அன்றைக்கே திரும்பிப் போனது. மனைவி அதைக் கேட்டுவிட்டு, “அவங்க சொன்னது சரிதான்” என்றாள்.

வழக்கு மேலும் இழுத்தது. கடைசியில் இரு தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். முன்பாதி அவளுக்கு, பின்பாதி அண்ணன்காரருக்கு. நடுவே சுவர் எழுந்தது. அவள் எண்ணெயில் ஓடும் இரும்பு அடுப்பு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டார். போய்ப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் பார்த்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்காரத் தயங்கினார். பின்னால் வந்தவர்கள் இடித்ததில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“இருக்கேண்ணே. அந்த இரும்பு அடுப்போட மல்லுக்கட்டுறதே பொழப்பாப் போச்சு. மேல கருகுது, உள்ள வேகல. தட்டைத் திருப்பி வச்சுப் பார்த்தேன், ஈரத்துணி போட்டுப் பார்த்தேன். கடைக்காரங்க முன்ன மாதிரி இல்லைங்கிறாங்க. வாங்கத்தான் செய்றாங்க.”

அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மன்னிச்சுடும்மா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக வைத்திருந்தார். கோர்ட்டில் எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னவர், அதை மட்டும் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் மாவு புளிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், குளிர்நாளில் அது எவ்வளவு சண்டித்தனம் செய்கிறது என்று. நடுவில் புகுந்து அதைச் சொல்ல ஓர் இடம் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அவளுடைய நிறுத்தம் வந்தது. “வர்றேண்ணே” என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, மழையில் வேகமாக நடந்தாள்.

கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார். “பெரியவரே, நீங்க எங்க இறங்கணும்?”

அவர் சொன்னார். அது மூன்று நிறுத்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.